யார் கொடுத்த முகவரி?

இன்டெல் செயலிக்கு மின்சாரம் வந்ததும் அது முதல் கட்டளையைத் தேடிப் போகும் இடம் எப்போதும் ஒன்றுதான்: 4 ஜிபி எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே உள்ள முகவரி. அங்கே ரேம் கிடையாது. மதர்போர்டில் பற்றவைக்கப்பட்ட ஒரு சிறிய ஃபிளாஷ் சிப்பின் கடைசிப் பகுதிதான் அந்த முகவரியில் தென்படுகிறது. அதில் எழுதப்பட்டிருப்பது ஃபர்ம்வேர். அது வேலையைத் தொடங்கும் நொடியில், ரேம் பொருத்தப்பட்டிருந்தாலும் பயன்படாது. ஒவ்வொரு ரேம் பட்டைக்கும் மின்குறிப்புகள் எந்த நேர இடைவெளியில் போய்ச் சேரவேண்டும் என்று அளந்து சரிசெய்த பிறகுதான் அதில் ஒரு பைட்டையாவது நம்பி எழுத முடியும். அதுவரை செயலிக்குள் இருக்கும் கேஷ் நினைவகத்தையே ரேம் போல வைத்துக்கொண்டு ஃபர்ம்வேர் சமாளிக்கிறது.

ரேம் உயிர்பெற்றதும் இயந்திரத்தில் என்னென்ன சாதனங்கள் இருக்கின்றன என்று ஃபர்ம்வேர் தேடுகிறது. ஒவ்வொன்றுக்கும் முகவரி கொடுக்கிறது. திரையை ஒளிரவைக்கிறது. வட்டிலிருந்து இயங்குதளத்தின் கெர்னல் ரேமுக்கு வந்து சேர வழிசெய்து, கட்டுப்பாட்டை ஒப்படைத்துவிட்டு ஒதுங்குகிறது. விண்டோஸோ லினக்ஸோ, கெர்னல் தன் முதல் வரியை ஓட்டும்போது முகவரிப் பங்கீடு முடிந்துபோயிருக்கிறது. பங்குபோட்ட நிரலை எழுதியது யார், எவ்வளவு அவசரத்தில் எழுதினார்கள், எந்த இயங்குதளத்தை மனதில் வைத்துச் சோதித்தார்கள் என்பதெல்லாம் கெர்னலுக்குத் தெரியாது. அதன் கையில் இருப்பவை, அந்த நிரல் விட்டுச்சென்ற சில பட்டியல்களும் சாதனங்களுக்குள் எழுதிவைத்த சில எண்களும் மட்டுமே. அவற்றை எவ்வளவு தூரம் நம்புவது? கெர்னல் எழுதுபவர்கள் 30 ஆண்டுகளுக்கும் மேலாக விடைதேடிக்கொண்டிருக்கும் கேள்வி இது.

முகவரி என்பது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று முதலில் பார்த்துவிடலாம். செயலிக்கு வெளியுலகத்தோடு பேசும் வழி பெரும்பாலும் ஒன்றுதான்: ஓர் எண்ணைச் சொல்லி, அங்கே எழுது அல்லது அங்கிருந்து படி என்பது. அந்த எண் ரேமில் ஓரிடத்தைக் குறிக்கலாம். வரைகலை அட்டையின் நினைவகத்தைக் குறிக்கலாம். நெட்வொர்க் அட்டைக்குள் 'இப்போது இந்தப் பொட்டலத்தை அனுப்பு' என்று ஆணையிடும் ஒரு ரெஜிஸ்டரையும் குறிக்கலாம். செயலியின் கட்டளையில் இந்த வேறுபாடு எதுவும் இல்லை. எண் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை வழியில் உள்ள சில்லுகள்தான் பிரிக்கின்றன. ஆகவே இரண்டு சாதனங்கள் ஒரே எண்ணுக்கு உரிமை கொண்டாடினால் விளைவு மோசமாகும். ஒன்றுக்கு எழுதியது மற்றொன்றுக்குப் போகும். படித்தால் குப்பை வரும். ரேமின் எண்ணும் சாதனத்தின் எண்ணும் மோதினால் கோப்புகளே கெட்டுப்போகலாம், அதுவும் சத்தமில்லாமல்.

1981-இல் ஐபிஎம் பிசி வந்தபோது இந்த வேலையை மனிதர்களே செய்தார்கள். மொத்த முகவரி வெளி 1 எம்பி. அதில் 640 கேபி நிரல்களுக்கு, மேலே இருந்த 384 கேபி திரைக்கும் ரோமுக்கும் விரிவாக்க அட்டைகளுக்கும். அட்டை வாங்கியவர் அதன்மீதிருந்த சின்னச் சின்ன ஜம்பர்களை நகர்த்தி முகவரியையும், சாதனம் செயலியை அழைக்கும் குறுக்கீட்டு எண்ணையும் தாமே தேர்ந்தெடுக்க வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் கணினியில் விளையாடியவர்களுக்கு சவுண்ட் பிளாஸ்டர் அட்டையின் 220, 5, 1 என்ற மூன்று எண்களும் மனப்பாடம்: போர்ட் முகவரி, குறுக்கீட்டு எண், டிஎம்ஏ வழி. மோடத்துக்கும் அதே குறுக்கீட்டைக் கொடுத்துவிட்டால் இரண்டில் ஒன்று வேலைசெய்யாது. எது, ஏன் என்று கணினி சொல்லவும் சொல்லாது.

சாதனமே தன் தேவையைச் சொல்லும்

1992-இல் இன்டெல் வெளியிட்ட பிசிஐ பஸ் இந்த நிலையை மாற்றியது. இன்றைய பிசிஐ எக்ஸ்பிரஸ் வரை தொடரும் அதன் அடிப்படை யோசனை இது: சாதனம் தனக்கென்று முகவரி எதையும் வைத்துக்கொள்ளாது, எவ்வளவு இடம் வேண்டும் என்பதை மட்டும் சொல்லும். இடம் எங்கே என்பதை வேறு யாரோ தீர்மானித்து அதற்குள் எழுதிவிட வேண்டும்.

ஒவ்வொரு பிசிஐ சாதனத்துக்குள்ளும் 256 பைட் அளவில் ஒரு சிறிய அமைப்புப் பகுதி இருக்கிறது. பிசிஐ எக்ஸ்பிரஸில் அது 4096 பைட்டாக வளர்ந்தது. சாதனத்துக்கு முகவரி கிடைக்கும் முன்பே, அது எந்த பஸ்ஸில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதை வைத்து இந்தப் பகுதியைத் தொட்டுவிடலாம். அதன் தொடக்கத்தில் தயாரிப்பாளரின் எண் இருக்கும். இன்டெல்லின் எண் 8086. 1978-இல் வந்த தன் புகழ்பெற்ற செயலியின் பெயரையே எண்ணாக வைத்துக்கொண்டார்கள். சாதனமே இல்லாத இடத்தைப் படித்தால் எல்லா பிட்டும் 1 என்று வரும். ஃபர்ம்வேரும், பின்னால் கெர்னலும், 256 பஸ்கள் வரை, பஸ்ஸுக்கு 32 சாதனங்கள் வரை, இப்படித்தான் தட்டித் தட்டிப் பார்த்துக் கணக்கெடுக்கின்றன.

அந்த அமைப்புப் பகுதியில் ஆறு பேஸ் அட்ரஸ் ரெஜிஸ்டர்கள் உள்ளன. பொறியாளர்கள் சுருக்கி 'பார்' என்பார்கள். சாதனத்தின் தொடக்க முகவரி எழுதப்படும் இடம் இதுதான். சாதனம் தன் தேவையைச் சொல்வதும் இதே இடத்தில்தான். அதைச் சொல்லும் முறையை முதன்முதலில் படிக்கும் யாருக்கும் ஒரு மகிழ்ச்சி வரும் என்று நினைக்கிறேன். பாரில் எல்லா பிட்டையும் 1 ஆக எழுதுங்கள். பிறகு படித்துப் பாருங்கள். 16 எம்பி இடம் கேட்கும் சாதனமானால் மேல் 8 பிட்கள் நீங்கள் எழுதியபடி 1 ஆக இருக்கும். வகையைச் சொல்லும் கடைசி நான்கு பிட்களைக் கணக்கில் எடுக்காவிட்டால், கீழே உள்ள 24 பிட்களும் 0 ஆகவே நிற்கும். அந்த 24 பிட்கள் சில்லில் மாற்றவே முடியாதபடி பூஜ்யத்தோடு பிணைக்கப்பட்டவை. 2-இன் 24-ஆம் அடுக்கு 16 எம்பி. அளவைச் சொல்லத் தனி ரெஜிஸ்டர் தேவைப்படவில்லை. எது மாற மறுக்கிறதோ அதுவே அளவு.

இந்தச் சிக்கனத்திலிருந்து இரண்டு விதிகள் தாமாகப் பிறக்கின்றன. சாதனம் கேட்கும் இடம் எப்போதும் 2-இன் அடுக்காகவே இருக்கும். கொடுக்கும் தொடக்க முகவரி அந்த அளவால் மீதமின்றி வகுபட வேண்டும். 256 எம்பி கேட்கும் வரைகலை அட்டையை 100-ஆவது எம்பியில் வைக்க முடியாது. 256, 512, 768 என்ற இடங்களில்தான் வைக்கலாம். சில்லுக்கு இது சுலபம்: வரும் முகவரியின் மேல் பிட்களை மட்டும் ஒப்பிட்டு 'எனக்கா, இல்லையா' என்று சொல்லிவிடலாம். பங்குபோடுபவருக்கு இது கடினம். காலியிடம் மொத்தத்தில் போதுமானதாக இருந்தும், சரியான எல்லையில் தொடங்கும் தொடர்ச்சியான இடம் இல்லாமல் போகலாம்.

அளந்து பார்க்கும் செயலிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. எல்லா பிட்டையும் 1 ஆக எழுதிய அந்தச் சில மைக்ரோநொடிகளுக்குச் சாதனத்தின் முகவரி 4 ஜிபி எல்லையின் உச்சிக்குத் தாவிவிடுகிறது. அந்த வட்டாரத்தில்தான் ஃபர்ம்வேர் சிப்பும் குறுக்கீடுகளைக் கையாளும் சில்லுகளும் குடியிருக்கின்றன. அதனால் லினக்ஸ், அளக்கும் முன் சாதனத்தின் காதை மூடிவிடுகிறது: எந்த முகவரிக்கும் பதில்சொல்லாதே என்று உரிய பிட்களை அணைத்து, அளந்து, பழைய எண்ணைத் திரும்ப எழுதி, மறுபடி திறக்கிறது. செயலியை ஒட்டியிருக்கும் முதல் பிரிட்ஜ் போன்ற சிலவற்றில் மட்டும் இந்தக் காதை மூடக்கூடாது. மூடினால் அதன் பின்னால் இருக்கும் எல்லாமே செவிடாகிவிடும்.

பிரிட்ஜ் என்பது ஒரு பஸ்ஸை இன்னொரு பஸ்ஸோடு இணைக்கும் சில்லு. அதற்கு ஒரு தொடக்கம், ஒரு முடிவு என்று இரண்டு எண்கள் உண்டு. அவற்றுக்கு இடைப்பட்ட முகவரிகளை மட்டுமே அது தன் பின்னால் இருக்கும் சாதனங்களுக்குக் கடத்தும். இதைச் சாளரம் என்பார்கள். நினைவகச் சாளரத்தின் மிகச் சிறிய அலகு 1 எம்பி. பிசிஐ எக்ஸ்பிரஸில் ஒவ்வொரு ஸ்லாட்டுக்கு முன்னாலும் ஒரு பிரிட்ஜ் நிற்கிறது. எனவே 16 கேபி மட்டும் கேட்கும் ஒரு என்விஎம்இ வட்டுக்காகவும் 1 எம்பி ஒதுக்க வேண்டியிருக்கிறது. தனி எண்வரிசையில் இருக்கும் பழைய போர்ட் முகவரிகளுக்கு நெருக்கடி இன்னும் அதிகம்: மொத்தம் 64 கேபி, சாளர அலகு 4 கேபி. அதாவது 16 பிரிட்ஜ்களுக்கு மேல் பங்குகொடுக்க வழியே இல்லை. பிரிட்ஜுக்குப் பின்னால் பிரிட்ஜ் வரலாம். உள்சாளரம் வெளிச்சாளரத்துக்குள் அடங்கவேண்டும். ஆகவே அடியில் இருக்கும் ஒரு சாதனத்துக்கு இடம் பெரிதாக்க, மேலே உள்ள எல்லாச் சாளரங்களையும் விரிக்க வேண்டும். பக்கத்துச் சாளரம் ஒட்டி நின்றால் அதையும் நகர்த்த வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் இடம் ரேமின் கணக்கிலிருந்தே போனது. 32 பிட் முகவரியால் 4 ஜிபி வரைதான் எண்ண முடியும். சாதனங்களுக்கு அந்த 4 ஜிபியின் மேல்பகுதியில் ஒரு துளை விடப்பட்டது. 4 ஜிபி ரேம் போட்டும் 32 பிட் விண்டோஸ் மூன்றேகால் ஜிபி அளவுக்கே காட்டியதன் காரணம் இதுதான். துளைக்கு அடியில் மறைந்த ரேமை 4 ஜிபிக்கு மேலே இடம்மாற்றிக் காட்டச் சில்லுகளுக்குத் தெரியும். அந்த முகவரிகளைத்தான் அந்த இயங்குதளம் பயன்படுத்தவில்லை.

கைமாறும் பட்டியல்கள்

கெர்னலுக்கு ஃபர்ம்வேர் விட்டுச்செல்லும் பட்டியல்களில் மூத்தது இ820. பழைய பயாஸில் 15-ஆம் எண் குறுக்கீட்டை இந்த எண்ணோடு அழைத்தால் முகவரி வெளியின் வரைபடம் துண்டு துண்டாக வரும்: இந்த எண்ணிலிருந்து இந்த எண்வரை பயன்படுத்தலாம், இது ஒதுக்கப்பட்டது, இது படித்துமுடித்த பின் எடுத்துக்கொள்ளலாம். கிராம நிலக் கணக்கில் பட்டா நிலம், புறம்போக்கு என்று பிரித்து எழுதியிருப்பது போலத்தான் இதுவும். புறம்போக்கு என்று எழுதியிருந்தால் அங்கே கண்மாய் இருக்கலாம், சுடுகாடு இருக்கலாம், வெறும் தரிசாகவும் இருக்கலாம். கணக்கு அதைச் சொல்லாது. கைவைக்காதே என்று மட்டும் சொல்லும். இந்தத் தெளிவின்மை பின்னால் என்ன பாடு படுத்தியது என்பதற்கு வருகிறேன்.

இரண்டாவது, ஏசிபிஐ. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து வெளியிட்ட தரம் இது; 2013-இல் யூஇஎஃப்ஐ ஃபோரத்தின் பொறுப்புக்குப் போனது. வெறும் அட்டவணைகளோடு இது நிற்கவில்லை. ஃபர்ம்வேர் எழுதுபவர் ஒரு சிறு மொழியில் நிரல்களை எழுதி ரேமில் வைத்துவிடுகிறார். கெர்னல் அவற்றைத் தன்னிடம் உள்ள மொழிபெயர்ப்பி மூலம் ஓட்டிப்பார்த்து விடைகளைப் பெறுகிறது. முதல் பிரிட்ஜின் சாளரம் எங்கிருந்து எதுவரை என்று கேட்டால் சிஆர்எஸ் என்ற நிரல் பதில்சொல்லும். வெளியார் எழுதிய, திருத்தமுடியாத நிரல் கெர்னலுக்குள்ளேயே ஓடுகிறது என்பதை நினைத்துப்பாருங்கள். லினக்ஸ் தொடங்கும்போது வரும் செய்திகளில் 'ஃபர்ம்வேர் பக்' என்ற முன்னொட்டோடு சில வரிகள் வருவதைப் பலர் பார்த்திருப்பார்கள். அப்படி ஒரு முன்னொட்டையே தனியாக வைத்துக்கொள்ளும் அளவுக்கு அனுபவம் சேர்ந்திருக்கிறது.

மூன்றாவது யூஇஎஃப்ஐ தரும் நினைவக வரைபடம். பயாஸை ஓரங்கட்டிய இந்தப் புதிய ஃபர்ம்வேர் வகையில், 'இனி நீ விலகிக்கொள்' என்று இயங்குதளத்தின் தரப்பிலிருந்து முறைப்படி சொல்லும்வரை ஃபர்ம்வேரின் சேவைகள் ஓடிக்கொண்டிருக்கும். அப்படிச் சொல்லும்போது கடைசியாகப் பெற்ற வரைபடத்தின் அடையாள எண்ணையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இடையில் வரைபடம் மாறியிருந்தால் ஃபர்ம்வேர் மறுத்துவிடும். புதிய வரைபடத்தை வாங்கிக்கொண்டு மறுபடி கேட்க வேண்டும். பழைய படத்தை வைத்துக்கொண்டு யாரும் குடியேறிவிடக் கூடாது என்ற இந்தக் கவனம் எனக்குப் பிடிக்கும்.

இப்போது கெர்னலின் முன்னால் இரண்டு வழிகள். ஃபர்ம்வேர் போட்ட பங்கை அப்படியே ஏற்கலாம். இல்லையென்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, தன் கணக்குப்படி முதலிலிருந்து பங்குபோடலாம். இரண்டாவது வழியில் ஒரு கவர்ச்சி இருக்கிறது. பிசிஐ விதிகள் தெளிவானவை. கெர்னலுக்குக் கணக்குத் தெரியும். நெருக்கமாக, ஒழுங்காக அடுக்கிவிடலாம். ஆர்ம் வகைச் செயலிகளில் லினக்ஸ் நெடுங்காலமாக ஏறக்குறைய இப்படித்தான் செய்தது. அங்கே ஃபர்ம்வேர் பல நேரங்களில் பிசிஐ பக்கம் எட்டிப்பார்க்காமலே விட்டுவிடும். முதல் பிரிட்ஜின் சாளரம் மட்டும் டிவைஸ் ட்ரீ என்ற விவரக் கோப்பில் எழுதியிருக்கும். மீதி கெர்னலின் பொறுப்பு. ஆர்ம் சர்வர்கள் ஏசிபிஐயோடு வரத்தொடங்கியபோது, 'நான் வைத்ததை மாற்றாதே' என்று ஃபர்ம்வேர் வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ள ஒரு வழி தேவைப்பட்டது. அப்படிக் கேட்டால் லினக்ஸ் அங்கும் கைவைப்பதில்லை.

இன்டெல், ஏஎம்டி உலகில் கெர்னல் முதல் வழியில்தான் நடக்கிறது. காரணம் மரியாதை இல்லை. கண்ணுக்குத் தெரியாத குடியிருப்பாளர்கள். கெர்னல் தொடங்கும்போதே திரையில் எழுத்து ஓடுகிறதே, அது வரைகலை அட்டையின் பாருக்குள் ஃபர்ம்வேர் அமைத்துக்கொடுத்த படநினைவகம். அட்டையை இடம்மாற்றினால் படநினைவகமும் இடம்மாறும். பழைய முகவரியில் எழுதிக்கொண்டிருக்கும் திரை டிரைவருக்கு அதைச் சொல்லாவிட்டால் திரை உறைந்துவிடும். இதைவிடச் சிக்கலானது எஸ்எம்எம். இன்டெல் 386எஸ்எல் காலத்திலிருந்து, 1990 முதல், செயலியில் ஒரு மறைமுகப் பயன்முறை இருக்கிறது. ஒரு தனிக் குறுக்கீடு வந்ததும் கெர்னல் இருந்த இடத்தில் உறைய, ஃபர்ம்வேரின் நிரல் கொஞ்சநேரம் ஓடிவிட்டுத் திரும்பும். ஏதாவது ஒரு சாதனத்தின் முகவரியை அந்த நிரல் மனதில் குறித்து வைத்திருந்து, கெர்னல் அந்தச் சாதனத்தை நகர்த்தியிருந்தால், அடுத்த முறை அது பழைய முகவரியில் எழுதும். அங்கே இப்போது யார் இருக்கிறார்களோ அவர்கள் பாடு. எந்தப் பட்டியலிலும் இந்த உறவு எழுதப்பட்டிருக்காது.

லினக்ஸ் செய்வது இது. முதலில் பிரிட்ஜ்களின் சாளரங்களைப் பதிவுசெய்கிறது. பிறகு ஏற்கெனவே விழித்திருக்கும் சாதனங்கள், அதாவது ஃபர்ம்வேர் முகவரி கொடுத்து இயக்கியும் வைத்தவை. அடுத்து முகவரி இருந்தும் உறங்குபவை. மோதல் வந்தால் விழித்திருப்பவருக்கே உரிமை. இடம் கிடைக்காதவையும் ஃபர்ம்வேர் கண்டுகொள்ளாமல் விட்டவையும் கடைசியில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, மிச்சமுள்ள காலியிடங்களில் பங்கு தரப்படுகின்றன. அங்கும் இடம் கிடைக்காத சாதனத்துக்கு இன்னொரு முயற்சி உண்டு: ஃபர்ம்வேர் முதலில் கொடுத்திருந்த எண்ணைக் கெர்னல் குறித்துவைத்திருக்கிறது, அதையே எடுத்துப் போட்டுப்பார்க்கிறது. பட்டியல்கள் முரண்பட்டாலும், அந்த எண்ணில் அந்தச் சாதனம் சற்றுமுன்வரை வேலைசெய்துகொண்டிருந்தது என்பது ஓர் உண்மைதானே. கெர்னல் நிரல்களில் நான் மிகவும் மதிக்கும் முடிவுகளில் இது ஒன்று.

ஒரு தொடுபட்டையின் கதை

நம்புவதா வேண்டாமா என்பது ஒருமுறை தீர்த்துவிடும் விஷயமில்லை என்பதற்கு 2010 முதல் 2022 வரை நீண்ட ஒரு விவகாரம் நல்ல சாட்சி.

2010-க்கு முன்பு, இன்டெல் வகைக் கணினிகளில் லினக்ஸ் ஏசிபிஐ சொல்லும் சாளரத்தை வழக்கமாகக் கண்டுகொள்வதில்லை. 4 ஜிபிக்குக் கீழே இ820 வரைபடத்தில் பெரிய காலியிடம் எதுவோ அதைச் சாதனங்களுக்கான இடம் என்று எடுத்துக்கொண்டது. ஒரே ஒரு முதல் பிரிட்ஜ் இருந்தவரை இது ஓடியது. பெரிய சர்வர்களில் பல பிரிட்ஜ்கள் வந்தபோது, எந்தக் காலியிடம் எந்தப் பிரிட்ஜின் வழியாகப் போகும் என்று தெரியாமல் முடியாது என்றானது. 2010-இல் லினக்ஸ் 2.6.34 கெர்னல் புதிய விதியைக் கொண்டுவந்தது: ஃபர்ம்வேரின் தேதி 2008 அல்லது அதற்குப் பின் என்றால் ஏசிபிஐ சொல்லும் சாளரத்தை நம்பு. பழைய இயந்திரங்களின் ஃபர்ம்வேரில் அந்தத் தகவல் ஒழுங்காக இருக்கும் என்ற நம்பிக்கை கெர்னல் எழுதுபவர்களுக்கு இல்லை. எனவே நம்பிக்கைக்கு ஆண்டுக்கோடு ஒன்று கிழித்தார்கள்.

நம்பியதும் அடுத்த பிரச்சினை வெளிவந்தது. சில டெல் கணினிகளில் ஏசிபிஐ சொன்ன சாளரம் 3 ஜிபி எல்லைக்கு 1 எம்பி கீழேயே தொடங்கியது. இ820 வரைபடமோ, சரியாக 3 ஜிபி வரை ஒதுக்கப்பட்டது என்றது. இரண்டும் ஒரே ஃபர்ம்வேரின் வாக்குமூலங்கள். அந்த 1 எம்பியில் முரண்பட்டன. லினக்ஸ் அங்கே சாதனத்தைக் கொண்டுபோய் வைத்தபோது அது வேலைசெய்யவில்லை. அங்கே இருந்தது பெரும்பாலும் ரேமாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே 2010 டிசம்பரில் ஒரு திருத்தம்: ஏசிபிஐ சாளரத்திலிருந்து, இ820 குறிப்பிடும் பகுதிகளை வெட்டிவிட்டு மீதியில் மட்டும் பங்குபோடு. இருவரில் யார் கைவைக்காதே என்றாலும் கைவைக்காமல் இருப்பது பாதுகாப்பு அல்லவா? அன்று யாருக்கும் இதில் குறை தெரிந்திருக்க முடியாது.

பத்தாண்டுகள் கழித்து லெனோவோவின் ஐடியாபேட் 3 வரிசையில் ஒரு மடிக்கணினியில் தொடுபட்டை வேலைசெய்யவில்லை என்ற புகார் வந்தது. தொடுபட்டை, ஐஸ்கொயர்சி என்ற சிறு இணைப்பின் வழியே பேசுகிறது. அந்த இணைப்பைக் கட்டுப்படுத்தும் சில்லு ஒரு பிசிஐ சாதனம். ஃபர்ம்வேர் அதற்கு முகவரி கொடுக்காமல் விட்டிருந்தது. இயங்குதளம் கொடுத்துக்கொள்ளட்டும் என்பது அதன் எண்ணம், அதில் தவறும் இல்லை. லினக்ஸ் சாளரத்தில் இடம் தேடியது. அந்த மடிக்கணினியில் இ820 வரைபடம் முழுச் சாளரத்தையும் மூடும்படி ஒதுக்கப்பட்டது என்று எழுதியிருந்தது. 2010-இன் விதிப்படி வெட்டினால் மிச்சம் எதுவும் இல்லை. மதர்போர்டில் ஜிபிக் கணக்கில் வெற்று முகவரி கிடக்க, ஒரு சில்லுக்குச் சில கேபி கிடைக்காமல் தொடுபட்டை செத்துக்கிடந்தது. வேறு இயந்திரங்களில் இதே காரணத்தால், ஓடும்போது தண்டர்போல்ட் வழியாகச் செருகிய சாதனங்களுக்கு இடம் கிடைக்கவில்லை.

ஃபர்ம்வேர் பொய் சொன்னதா? அப்படியும் சொல்ல முடியாது. யூஇஎஃப்ஐ வரைபடத்தில் 'சாதன முகவரி' என்று ஒரு வகை உண்டு. இயங்குதளம் வந்த பிறகும் தொடரும் ஃபர்ம்வேரின் சில சேவைகள் பின்னால் அந்த முகவரிகளைத் தொடவேண்டியிருக்கும், அதற்கு வசதிசெய்து வை என்பது மட்டுமே அதன் பொருள். கெர்னலை ரேமுக்குக் கொண்டுவரும் பூட்லோடர்கள் யூஇஎஃப்ஐ வரைபடத்தைப் பழைய இ820 வடிவத்துக்கு மாற்றும்போது அந்த வகைக்கு நேரான வகை அங்கே இல்லை. அருகில் இருந்த 'ஒதுக்கப்பட்டது' என்பதில் போட்டுவிட்டார்கள். தகவல் ஒரு பட்டியலிலிருந்து இன்னொரு பட்டியலுக்குப் போகும் வழியில் பொருள் தொலைந்துபோயிற்று. டெல் கணினியில் அந்தச் சொல் இங்கே ரேம் இருக்கிறது என்றது. லெனோவோவில் இங்கே சாதனங்கள் வரலாம் என்றது. இரண்டும் நேரெதிர். கெர்னலுக்கோ இரண்டும் ஒரே எழுத்தில் வந்தன.

ரெட் ஹேட் நிறுவனத்தில் பணிபுரிந்த ஹான்ஸ் டி கூடேயும் லினக்ஸின் பிசிஐ பகுதியைப் பராமரிக்கும் பியோர்ன் ஹெல்காஸும் இதைத் தீர்க்கப் பல வழிகளை முயன்றார்கள். வெட்டுவதை ஒரேயடியாக நிறுத்தினால் பழைய டெல்கள் மறுபடி உடையும். எல்லா இடத்திலும் தொடர்ந்தால் புதிய மடிக்கணினிகள் முடங்கும். 2022-இல் வந்த 5.19 கெர்னலில், பாதிக்கப்பட்ட மாடல்களைப் பெயர்சொல்லிப் பட்டியலிட்டு அவற்றில் மட்டும் வெட்டாமல் விட்டார்கள். அதோடு மறுபடி ஓர் ஆண்டுக்கோடு: ஃபர்ம்வேர் தேதி 2023 அல்லது அதற்குப் பின் என்றால் வெட்டாதே. பயனர் தாமே தீர்மானிக்க, வெட்டு, வெட்டாதே என்று இரண்டு பூட் விருப்பங்களும் வந்தன.

2022 டிசம்பரில் ஹெல்காஸ் இன்னும் அடிப்படையான திருத்தத்தைச் செய்தார். 'சாதன முகவரி' வகைப் பகுதிகளை இ820 வரைபடத்திலிருந்தே நீக்கிவிடுவது. ஆனால் எல்லாவற்றையும் நீக்க முடியவில்லை. சில மடிக்கணினிகளில், சாளரத்துக்குள் இருப்பதாக ஏசிபிஐ சொன்ன ஒரு சிறு துண்டு உண்மையில் சாதனங்களுக்கு உதவாத இடம். அங்கே சாதனத்தை வைத்தால் கணினி உறக்கத்திலிருந்து ஒழுங்காக எழவில்லை. ஆகவே 256 கேபியோ அதற்கு மேலோ உள்ள பகுதிகள் நீக்கப்படும், அதைவிடச் சிறியவை அப்படியே இருக்கும். இந்த 256 கேபி எந்தத் தரத்திலும் எழுதப்பட்ட எண் இல்லை. முழுச் சாளரமாக இருக்க முடியாத அளவுக்குச் சிறியது எது என்று இயந்திரங்களைப் பார்த்து எடுத்த முடிவு. கெர்னலின் இந்தப் பகுதியைப் படிப்பவர்களுக்கு இப்படிப்பட்ட எண்களும் ஆண்டுகளும் ஒட்டுவேலைகளாகத் தெரியலாம். எனக்கு அவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய மேசையில் இருந்த ஒரு கணினியின் கைரேகையாகத் தெரிகின்றன. இயற்பியலாளர் தன் கோட்பாட்டை அளவீட்டோடு ஒப்பிட்டுத் திருத்துவதைப் போலத்தான் இந்த வேலையும் நடக்கிறது. தரத்தில் எழுதியிருப்பது கோட்பாடு. உலகில் விற்றுப்போன மதர்போர்டுகள் அளவீடு.

இதே கணக்கு இன்று பெரிய அளவுகளில் திரும்பி வந்திருக்கிறது. வரைகலை அட்டையில் 8 ஜிபி, 16 ஜிபி நினைவகம் இருந்தாலும், நெடுங்காலமாகச் செயலி ஒரே நேரத்தில் பார்க்க முடிந்தது அதில் 256 எம்பி மட்டுமே. பாரின் அளவை மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் கூடுதல் விதி 2008-இலேயே பிசிஐ எக்ஸ்பிரஸில் சேர்ந்தது. 2020-இல் ஏஎம்டி அதை ஸ்மார்ட் ஆக்சஸ் மெமரி என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் பலருக்குத் தெரியவந்தது. லினக்ஸின் ஏஎம்டி டிரைவர், ஃபர்ம்வேர் இந்த வேலையைச் செய்யாமல் விட்டிருந்தால் தானே செய்ய முயல்கிறது. 8 ஜிபி இடம் 4 ஜிபி எல்லைக்குக் கீழே இருக்க வாய்ப்பில்லை என்பதால், முதல் பிரிட்ஜுக்கு அந்த எல்லைக்கு மேலே ஒரு சாளரம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறது. இல்லையென்றால் முயற்சியே கிடையாது. இருந்தால் அட்டையின் காதை மூடி, பழைய முகவரிகளை விடுவித்து, புதிய அளவை எழுதி, வழியிலுள்ள பிரிட்ஜ்களின் சாளரங்களை விரிக்கச் சொல்கிறது. அதே பிரிட்ஜின் கீழ் இயங்கிக்கொண்டிருக்கும் வேறொரு சாதனம் இடத்தைப் பிடித்திருந்தால் விரிக்க முடியாது. பழைய அளவோடு தொடர வேண்டியதுதான். மேலே சாளரமே திறக்கப்படாத இயந்திரங்களில் கெர்னலால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அங்கே பயனர் கணினியை அணைத்து, ஃபர்ம்வேர் அமைப்புத் திரைக்குள் போய், '4 ஜிபிக்கு மேல் டிகோடிங்' என்ற வரியைத் தேடி இயக்கிவிட்டு வரவேண்டும்.